பச்சைப் பெரிய டிராகன்

ஆங்கில இலக்கணத்தில் மிக எளிதானது என்று பள்ளியில் கற்பிக்கப்படும் பகுதி பெயரடை. பெயர்ச்சொல்லின் பண்பை உணர்த்துவது என்று ஒரு வரி வரையறை, 'குட், பெட்டர், பெஸ்ட்' என்று ஓர் அட்டவணை. அத்துடன் பாடம் முடிந்துவிடும். முனைவர் பட்ட ஆய்வேட்டை ஆங்கிலத்தில் எழுத அமரும்போதுதான் அந்தப் பாடம் சரியாகத் தொடங்கவே இல்லை என்பது தெரியவருகிறது.

தமிழ்வழியில் பள்ளிப்படிப்பை முடித்துத் தில்லியில் ஆய்வு செய்யும் மாணவி ஒருவர். கைத்தறி நெசவாளர் பற்றிய அவருடைய இரண்டாம் இயலின் வரைவு நெறியாளரிடமிருந்து திரும்பி வருகிறது. களப்பணியைப் பற்றியோ வாதத்தைப் பற்றியோ ஒரு குறிப்பும் இல்லை. பக்க ஓரங்களில் நான்கைந்து இடங்களில் 'இயல்பாக இல்லை' என்று மட்டும் எழுதப்பட்டிருக்கிறது. தவறு என்று எழுதியிருந்தால் விதியைத் தேடலாம்; இயல்பாக இல்லை என்பதற்கு எங்கே சென்று தேடுவது? அந்த மொழிச்சூழலில் பிறக்காதவர் என்பதைக் கண்ணியமாகச் சொல்லும் முறையாகவே அவருக்கு அது படுகிறது. அடுத்து வந்த கருத்தரங்கில் அவர் கேட்க எண்ணியிருந்த கேள்வி கேட்கப்படாமலே போயிற்று.

குறியிடப்பட்ட தொடர்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பார்த்தால் வேறொன்று புலப்படும். அவற்றில் எதுவும் கவனக்குறைவால் நேர்ந்ததன்று. ஒவ்வொன்றின் பின்னாலும் பிழையற்ற ஒரு தமிழ்த் தொடர் நிற்கிறது.

முதலாவது, 'த க்ளாத் ஃபீல்ஸ் சாஃப்ட்லி'. தமிழில் துணி 'மென்மையாக' இருக்கிறது. 'ஆக' என்பதற்கு ஆங்கிலத்தில் 'லி' என்று பள்ளியில் மனப்பாடம் செய்தாயிற்று. ஆனால் 'ஃபீல்', 'லுக்', 'ஸ்மெல்', 'டேஸ்ட்' ஆகிய வினைகள் இவ்வகைத் தொடரில் செயலைச் சொல்வதில்லை. எழுவாயையும் அதன் பண்பையும் இணைக்கின்றன. மென்மை என்பது துணியின் பண்பேயன்றித் தொடுதலின் முறையன்று. ஆகவே அங்கே வேண்டியது வினையடையன்று, பெயரடை: 'சாஃப்ட்'.

இரண்டாவது, தறிக்கு அருகில் உறங்கிய குழந்தையைக் குறிக்க வந்த 'அன் அஸ்லீப் சைல்ட்'. 'உறங்கும் குழந்தை' என்பதன் நேர் வடிவம் அது. ஆங்கிலப் பெயரடைகளுள் பெரும்பாலானவை பெயருக்கு முன்னும் வரும், 'இஸ்' என்பதற்குப் பின்னும் வரும். சில சொற்கள் மட்டும் ஒரே இடத்தில் நிற்கும். 'அஸ்லீப்', 'அலைவ்' ஆகியவற்றின் முதலில் உள்ள 'அ' பழைய ஆங்கிலத்தின் 'ஆன்' என்னும் முன்னிடைச்சொல் தேய்ந்த வடிவம். அதாவது 'அஸ்லீப்' என்றால் 'உறக்கத்தில்'. 'குழந்தை உறக்கத்தில் இருக்கிறது' என்பது தமிழில் பொருந்தும். 'உறக்கத்தில் குழந்தை ஒன்றைக் கண்டேன்' என்று எவரும் எழுதுவதில்லை. ஆங்கிலத் தடையும் அதே வகையினது. மறுபுறம் 'மியர்', 'மெயின்' போன்றவை பெயருக்கு முன் மட்டுமே வரும். தமிழின் 'நல்ல' என்பதற்கும் இதே கட்டுப்பாடு உண்டு. 'நல்ல பையன்' என்னலாம், ஆனால் 'பையன் நல்ல' என்று முடிக்க இயலாது, 'நல்லவன்' என்றே முடிக்க வேண்டும்.

மூன்றாவது சற்று வருத்தத்திற்குரியது. மழைக்காலத்தில் வேலையின்றிச் சலிப்புற்றிருந்த நெசவாளர்களை அவர் 'போரிங்' என்று எழுதியிருந்தார். 'எனக்குச் சலிப்பாக இருக்கிறது' என்னும்போது யாருக்குச் சலிப்பு என்பதைத் தமிழில் நான்காம் வேற்றுமை சொல்லிவிடுகிறது. ஆங்கிலத்தில் அந்தப் பொறுப்பைப் பெயரடையின் ஈறு ஏற்கிறது: சலிப்பைத் தருவது 'போரிங்', சலிப்பை அடைந்தவர் 'போர்ட்'. ஈறு மாறியதில், ஆய்வாளர் பரிவுடன் எழுத வந்த மனிதர்களே சலிப்பூட்டுபவர்களாகிவிட்டனர். இங்கே இலக்கணம் நடை அழகோடு நிற்கவில்லை; ஆய்வுக்கு உட்பட்டவர்களின் மதிப்பையும் தொட்டுவிடுகிறது.

நான்காவது, 'எ காட்டன் ஓல்ட் வைட் சாரி'. பெயரடைகள் பல அடுக்கி வரும்போது கருத்து, அளவு, பழமை, வடிவம், நிறம், பிறப்பிடம், மூலப்பொருள், பயன் என்னும் வரிசை ஆங்கிலத்தில் பெரும்பாலும் பேணப்படுகிறது. ஆகவே 'ஓல்ட் வைட் காட்டன் சாரி'. இவ்வரிசையை ஆங்கிலேயக் குழந்தைகளுக்கு யாரும் மனப்பாடம் செய்விப்பதில்லை. எழுத்தாளர் டோல்கீன் ஏறத்தாழ ஏழு வயதில் டிராகன் ஒன்றைப் பற்றிக் கதை எழுதினார். அதில் 'கிரீன் கிரேட் டிராகன்' என்று எழுதலாகாது, 'கிரேட் கிரீன் டிராகன்' என்றே எழுத வேண்டும் என்று அவருடைய தாய் திருத்தினார். ஏன் என்று அன்று விளங்கவில்லை. இன்றும் விளங்கவில்லை என்று 1955இல் கவிஞர் ஆடனுக்கு எழுதிய கடிதத்தில் அவர் குறிப்பிட்டார். அவர் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதிப் பணியில் இருந்தவர், அப்போது ஆக்ஸ்ஃபோர்டில் ஆங்கில மொழி, இலக்கியப் பேராசிரியர் என்பது கவனிக்கத்தக்கது. தமிழரும் இதற்கு விலக்கல்லர். 'பழைய மர மேசை' என்பவர் 'மரப் பழைய மேசை' என்பதில்லை. அதை எந்த ஆசிரியரும் கற்பித்ததில்லை.

வரிசைக்கு விலக்குகளும் காரணமின்றி வருவதில்லை. 'அட்டர்னி ஜெனரல்' என்னும் பதவிப்பெயர் இந்திய அரசியலமைப்பின் 76ஆம் பிரிவில் உள்ளது. அதில் பெயரடையாகிய 'ஜெனரல்' பெயருக்குப் பின்னே நிற்கிறது. 1066இல் நார்மன்கள் இங்கிலாந்தை வென்றபின் அந்நாட்டுச் சட்டத்துறையில் நெடுங்காலம் வழங்கிய பிரெஞ்சு மொழியின் எச்சம் அது. இயல்பு எனப்படுவதில் ஒரு பகுதி, வென்றவர் விட்டுச்சென்ற பழக்கம்.

பெயரடை என்னும் வகையே எங்கும் ஒரே நிலையில் இருந்ததில்லை. கிரேக்க, லத்தீன் இலக்கணிகள் அதைப் பெயர்ச்சொல்லின் ஓர் உட்பிரிவாகவே கொண்டனர். அம்மொழிகளில் அது பெயரைப் போலவே பால், எண், வேற்றுமை ஏற்றது. ஆங்கிலத்தில் அந்த ஈறுகள் தேய்ந்து மறைந்த பிறகும் பழைய இலக்கண நூல்கள் பல அதைப் பெயரின் வகையாகவே பேசின. 1795இல் வெளிவந்த லிண்ட்லி மர்ரியின் இலக்கணம் அதைத் தனிச் சொல்வகையாக எண்ணுகிறது. தொல்காப்பியம் பகுக்கும் பெயர், வினை, இடை, உரி என்னும் நான்கில் அதற்கு நேரான இடம் இல்லை. 'நல்ல', 'பெரிய' போன்றவற்றைத் தமிழ் மரபு குறிப்புப் பெயரெச்சம் என்றது. மேற்கு ஆப்பிரிக்காவின் இக்போ மொழியில் பெயரடைகள் எட்டே என்று மொழியியலாளர் டிக்சன் 1977இல் எடுத்துக்காட்டினார். ஒரு மொழி எட்டுச் சொற்களோடு நிறுத்திக்கொண்ட வேலையை இன்னொரு மொழி ஆயிரக்கணக்கான சொற்களுக்குப் பகிர்ந்தளிக்கிறது.

இவற்றையெல்லாம் அறிவதால் அம்மாணவியின் வரைவில் திருத்தங்கள் குறையப்போவதில்லை. துணி 'சாஃப்ட்' ஆகவும் நெசவாளர்கள் 'போர்ட்' ஆகவும் மாறத்தான் வேண்டும். மாறுவது திருத்தத்தின் தன்மை. நான்கு இடங்களுக்கும் நான்கு காரணங்கள் உண்டு. ஒவ்வொன்றையும் இரண்டு வரிகளில் எழுதிவிட முடியும். அந்த இரண்டு வரிகளை எழுத நெறியாளருக்கு நேரமில்லாத இடத்தில், மாணவர் அதைத் தம் பிறப்பின் குறையாக எண்ணிக்கொள்கிறார். இந்தியப் பல்கலைக்கழகங்களில் ஆங்கிலத்தில் ஆய்வேடு எழுதும் மாணவர் பலருக்கு அது முதல் மொழியன்று. அவர்களுக்கு வேண்டியது சலுகையும் அன்று, பாராட்டும் அன்று; காரணம் சொல்லித் திருத்துகிற ஒரு கை மட்டுமே.