பின்னேரத்தில் வீட்டில் யார் இருப்பார்கள்?

சுவிட்சர்லாந்தின் விலங்குப் பாதுகாப்பு ஆணை 2008 செப்டெம்பர் 1ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. தனியாக வளர்க்கப்படும் பூனை நாளாந்தம் மனிதரோடு பழக வேண்டும், அல்லது இன்னொரு பூனையைக் கண்ணால் காணும் வசதியாவது அதற்கு இருக்க வேண்டும் என்று அதில் ஒரு விதி உண்டு. கினிப்பன்றி போல் கூடிவாழும் உயிர்களை ஒன்றே ஒன்றாக அடைத்து வைக்க அனுமதியே இல்லை. 2003ஆம் ஆண்டு முதல் இந்நாட்டுக் குடியியல் சட்டம் விலங்குகளை வெறும் பொருட்களாகக் கருதுவதில்லை. கணவனும் மனைவியும் பிரியும்போது வீட்டுப் பூனைக்காக வழக்குப் போட்டால், எவரிடம் இருப்பது பூனைக்கு நல்லது என்பதைத்தான் நீதிபதி பார்க்க வேண்டும்.

பேர்ண் நகரத்து முதியோர் இல்லமொன்றில் வேலை செய்கிறவள் நான். ஒரு நாள் முழுவதும் தன்னோடு பேச ஆளில்லாமல் கிடப்பது மனிதருக்கு என்ன செய்யும் என்பதை வேலையிடத்தில் கண்டுகொண்டிருக்கிறேன். அதனால், பூனையின் தனிமையையும் சட்டத்தில் எழுதிவைத்த இந்த நாட்டின் மீது எனக்கு மரியாதை உண்டு. எங்கள் வீட்டில் பூனைப் பேச்சு தொடங்கியபோது முதலில் நினைவுக்கு வந்ததும் அந்த விதிதான்.

மகள் பல காலமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுடைய வகுப்பில் பாதிப் பிள்ளைகளின் வீட்டில் பூனை. ஏறக்குறைய 90 இலட்சம் மக்கள் வாழும் இந்த நாட்டில் பதினெட்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட பூனைகள் இருக்கின்றன. பேர்ணின் பழைய வீடுகளில், மூன்றாம் மாடி யன்னலில் இருந்து நிலம்வரை பூனை ஏறி இறங்கவென்றே மரத்தால் ஏணி செய்து சுவரில் பொருத்தியிருப்பார்கள். ஆனால் நாங்கள் இருப்பது நகரின் மேற்குப் பக்கம். பெத்லெகெம், பும்ப்ளிட்ஸ் பகுதிகளில் 1950களின் கடைசியிலும் 60களிலும் எழுந்த உயர்ந்த தொடர்மாடிகளில் ஒன்றில், எட்டாவது மாடி. அங்கே எந்த ஏணியும் எட்டாது. வருகிற பூனை தன் ஆயுள் முழுவதையும் வீட்டுக்குள்ளேயே கழிக்க வேண்டும்.

யாழ்ப்பாணத்தில் இருக்கும் அம்மாவுக்கு இதைத் தொலைபேசியில் சொன்னபோது அவவால் நம்ப முடியவில்லை. “பிள்ளை, பூனையைப் போய் ஆரும் அடைச்சு வளப்பினமே? பாவம் பொல்லாதது” என்றா. எங்கள் ஊரில் பூனையை யாரும் வளர்த்ததாகச் சொல்வதில்லை. அது வந்து போகும். மீன் வெட்டும் நேரம் கிணற்றடிக்கு வரும், மழை நாளில் குசினிக்குள் அடுப்புச் சாம்பலில் சுருண்டு படுக்கும், குட்டி போட்டால் வாயில் கவ்விக்கொண்டு பக்கத்து வளவுக்குப் போய்விடும். அதன் பொழுது முழுவதும் அதன் கையில் இருந்தது. எட்டாம் மாடிப் பூனையின் பொழுது எங்கள் கையில். அம்மாவின் கேள்வியைப் பழைய காலத்துப் பேச்சு என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

எங்களுக்கு நேரம் இருக்கிறதா என்பதுதான் வீட்டில் நடந்த பெரிய விவாதம். எனக்குக் காலை ‘டீன்ஸ்ட்’ (வேலைமுறை) என்றால் விடியமுன் புறப்பட வேண்டும். பின்னேர டீன்ஸ்ட் என்றால் இரவு பத்து மணியாகும் வீடு வர. மாதத்துக்கு மாதம் அட்டவணை மாறும். கணவர் உணவகச் சமையலறையில் நிற்கிறார். சமையல்காரருக்கு இங்கே ‘சிம்மர்ஸ்டுண்ட’ என்று ஒன்று இருக்கிறது: மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் இரண்டு மணியளவில் அனுப்பிவிடுவார்கள், ஐந்து மணிக்குத் திரும்ப வர வேண்டும். அந்த மூன்று மணித்தியாலத்துக்குச் சம்பளமும் இல்லை, அதை வைத்து உருப்படியாக எதுவும் செய்யவும் முடியாது. குடும்பத்தையே துண்டு துண்டாக்கும் வேலைமுறை அது என்பது என் அசைக்க முடியாத கருத்து. மகளோ மூன்றரை மணிபோலப் பள்ளியால் வருவாள், கிழமையில் சில நாட்கள் தமிழ் வகுப்பு, நடன வகுப்பு.

பூனையைப் பற்றி வாசித்தும் மிருக வைத்தியரிடம் கேட்டும் அறிந்தபோது, நாங்கள் கணக்கைத் தவறான முனையில் பிடித்திருப்பது தெரிந்தது. வளர்ந்த பூனை ஒரு நாளில் பன்னிரண்டு முதல் பதினாறு மணித்தியாலம் தூங்கும். பட்டப்பகலில் நாம் வேலையில் நிற்பது அதற்குப் பெரிய குறையல்ல. அதன் உடம்பு விழித்தெழுவது விடியற்புறமும் பொழுது சாயும் நேரமும். எலியும் குருவியும் நடமாடுகிற, வேட்டைக்கு உரிய வேளைகள் அவை. வீட்டுக்குள் அடைபட்ட பூனைக்கு அந்த வேளையில் வேட்டை வேண்டும். கோலில் கட்டிய இறகை இழுத்து ஓட்டி, பதுங்கவும் பாயவும் பிடிக்கவும் விட்டு, பிடித்த பிறகு சாப்பாடு கொடுக்க வேண்டும். காலையில் பத்துப் பதினைந்து நிமிடம், மாலையில் அதேயளவு. கேட்க மிகச் சின்ன விஷயம். ஆனால் அந்த விளையாட்டு நாள் தவறாமல், ஏறக்குறைய அதே நேரத்தில் நடக்க வேண்டும்.

ஆகவே ‘எத்தனை மணித்தியாலம் வீட்டில் இல்லை’ என்ற கேள்வியை விட்டோம். குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒரு மாத அட்டவணையை ஒட்டி, ஒவ்வொரு காலையிலும் ஒவ்வொரு பின்னேரத்திலும் யார் வீட்டில் நிற்பார்கள் என்று பெயர் எழுதினோம். நான் பின்னேர டீன்ஸ்டில் நிற்கும் நாட்களில் மகள். அவளுக்கு வகுப்பு உள்ள நாளில் வேலைக்குத் திரும்ப முன் இவர். இத்தனை காலம் வீட்டுக்கு ஒரு பயனும் தராத அந்த சிம்மர்ஸ்டுண்ட முதல் தடவையாகக் கைகொடுத்தது. வெற்றிடமாக நின்ற சில கட்டங்களுக்காக நான் பொறுப்பாளரிடம் பேசி டீன்ஸ்ட் மாற்றிக் கேட்டேன். அப்படிக் கேட்டு வாங்க முடியாமல் போயிருந்தால் பூனை வேண்டாம் என்று சொல்லியிருப்பேன், மகள் அழுதாலும்.

வீடும் பார்க்க வேண்டியிருந்தது. இந்நாட்டு யன்னல்களை மேற்பக்கமாகச் சரித்துத் திறந்து வைக்கலாம். காற்றுக்காக எல்லாரும் அப்படித்தான் விடுவார்கள். வெளியே போக முயலும் பூனை அந்த இடுக்கில் வழுக்கி, கீழே போகப் போக இடை நசுங்கிச் சிக்கிக்கொள்ளும். முதுகுத் தண்டும் சிறுநீரகமும் பழுதாகிச் சாகும் பூனைகள் இருக்கின்றன. அதற்குத் தடுப்புச் சட்டம் விற்கிறார்கள், வாங்கிப் பூட்டினோம். பல்கனிக்கு வலை கட்ட வீட்டு நிர்வாகத்தின் அனுமதி தேவை. பூனைக்கும் அப்படித்தான்: வெள்ளெலி, சிறு பறவை போன்றவற்றை யாரையும் கேட்காமல் வைத்திருக்கலாம், பூனை நாய் என்றால் வாடகை ஒப்பந்தத்தில் உள்ளபடி எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும். இதை வாய்ப்பேச்சோடு விட்டவர்கள் பிறகு வீடா பூனையா என்று தவித்ததைக் கண்டிருக்கிறேன். கடிதம் கையில் கிடைக்கும்வரை காப்பகத்துப் பக்கம் போகவே வேண்டாம்.

எங்கள் தமிழ் வீடுகளுக்கென்று வேறு சில எச்சரிக்கைகள் உண்டு. வெங்காயமும் உள்ளியும் பூனையின் சிவப்பணுக்களை அழிப்பவை. கறியில் மிஞ்சிய மீன்துண்டைப் பாசத்தோடு போடுவது அதற்கு நஞ்சு வைப்பது போலாகிவிடும். சாமியறைக்கு வாங்கும் லில்லிப் பூவின் மகரந்தம் மயிரில் பட்டு, அதை நக்கினாலே சிறுநீரகம் செயலிழக்கலாம். தலையிடிக்கு நாங்கள் போடும் டஃபல்கான் குளிசை ஒன்றே ஒரு பூனையைக் கொல்லக்கூடும். பாலும் பெரும்பாலான வளர்ந்த பூனைகளுக்குச் செமிக்காது. சைவம் சாப்பிடும் வீட்டார் பூனையையும் சைவமாக்க நினைக்கவே கூடாது. டோரின் என்ற சத்தைப் பூனையின் உடம்பு போதிய அளவு உண்டாக்காது, இறைச்சியிலிருந்துதான் பெறும். அது குறைந்தால் கண்ணும் இதயமும் கெடும்.

ஊருக்குப் போவது எல்லாவற்றிலும் கடினமான கேள்வி. நல்லூர்த் திருவிழாவுக்கென்று கோடை விடுமுறையில் கிழமைக்கணக்கில் போகிறவர்கள் நாங்கள். இரண்டு நாளைக்கு ஒருமுறை யாராவது வந்து சாப்பாடு வைத்தால் போதும் என்று பலர் சொல்வார்கள். அது போதாது. ஆண் பூனைக்குச் சிறுநீர்க் குழாய் அடைத்தால் ஓரிரு நாளில் உயிர் போய்விடும். எந்தப் பூனையும் சில நாட்கள் சாப்பிடாமல் கிடந்தால் ஈரல் கெடலாம். தினமும் வந்து, மணல் பெட்டியைப் பார்த்து, கொஞ்சம் கூட இருந்துவிட்டுப் போகிற ஆள் வேண்டும். எதிர்வீட்டில் தனியே வாழும் சுவிஸ் பெண்மணியிடம் தயக்கத்தோடு கேட்டேன். அவர் தன் பூச்சட்டிகளுக்குத் தண்ணீர் விடுவீர்களா என்று திருப்பிக் கேட்டார். இப்போது அவர் வீட்டுத் திறப்பு எங்களிடம், எங்கள் திறப்பு அவரிடம். இந்த மாடியில் இத்தனை வருடம் ‘க்ரூயெசெக்’ என்று வணக்கம் சொல்லி மட்டுமே கடந்துபோன இரண்டு வீடுகள்.

எந்தப் பூனை என்பது கடைசியாக வந்தது. மகளுக்குக் குட்டிதான் வேண்டும். குட்டியை எட்டு மணித்தியாலம் தனியே விடுவதில் எனக்கு உடன்பாடில்லை. துணைக்கு இன்னொரு குட்டி இல்லாமல் வீட்டுக்குள் வளர்க்கத் தரமாட்டோம் என்று சொல்லும் காப்பகங்கள் பல இருக்கின்றன, அவர்கள் சொல்வது சரி. இரண்டு குட்டிக்குரிய வைத்தியச் செலவு எங்கள் சம்பளத்துக்கு ஏறாது. இங்கே மிருக வைத்தியம் மலிவானதல்ல, காப்புறுதி எடுத்தாலும் ஒரு பங்கு கையால் போகும். அந்தக் கணக்கை மகளுக்கு ஒளிக்காமல் காட்டினோம்.

என் வேலையிடம்தான் வழி காட்டியது. இல்லத்துக்கு வரும் முதியவர்கள் பலர் தங்கள் பூனையை விட்டுவிட்டு வருகிறார்கள். அறை சின்னது, பராமரிக்க உடம்பில் பலமில்லை, பிள்ளைகள் தூரத்தில். முதல் இரவு அவர்கள் கேட்பது தளபாடத்தைப் பற்றியோ நகையைப் பற்றியோ அல்ல, “அதுக்கு இப்ப யார் சாப்பாடு வைப்பார்கள்?” என்றுதான். அந்தப் பூனைகளில் பல, இங்கே எல்லாரும் ‘டியர்ஹைம்’ என்று சொல்லும் விலங்குக் காப்பகத்துக்குப் போகின்றன. எட்டு, பத்து, பன்னிரண்டு வயது. வெளியே போய்ப் பழகாதவை, அமைதியான வீட்டில் ஒரே ஆளின் காலடியில் வாழ்ந்தவை, மற்றப் பூனைகளோடு ஒத்துப்போகாதவை. பார்க்க வருகிறவர்கள் அவற்றைத் தாண்டிக் குட்டிகளின் கூட்டுக்குப் போய்விடுகிறார்கள். பகல் முழுதும் தூங்கி, பின்னேரம் ஒரு மனிதரின் முகம் கண்டால் போதும் என்றிருக்கும் உயிர் அந்த வயதான பூனை. எங்களைப் போல் டீன்ஸ்ட் மாறி மாறி வேலை செய்யும் குடும்பத்துக்கு அதைவிடப் பொருத்தமான பூனை இல்லை.

நாங்கள் எடுத்தது பத்து வயதுப் பெண் பூனை, சாம்பல் நிறம், ஒரு காதில் சின்னக் கிழிசல். காப்பகத்தார் முதலில் வீட்டைப் பார்க்க வந்தார்கள். யன்னலையும் வலையையும் பரிசோதித்துவிட்டு, எங்கள் அட்டவணையையும் வாசித்துப் பார்த்தார்கள். அதன் பிறகுதான் ஒப்பந்தம் எழுதினோம். எங்களால் வைத்திருக்க முடியாமல் போனால் வேறு யாருக்கும் கொடுக்காமல் அவர்களிடமே திருப்பித் தர வேண்டும் என்பது அதில் உள்ள நிபந்தனை. வந்த முதல் நாட்கள் கட்டிலுக்குக் கீழேயே கிடந்தது. மகள் நிலத்தில் படுத்துக்கொண்டு, தொடாமல், பள்ளிப் பாடத்தை அதற்குச் சத்தமாக வாசித்தாள். இப்போது பின்னேரம் ஐந்து மணியானால் கதவடியில் வந்து நிற்கும். அம்மா வீடியோவில் பார்த்துவிட்டு, “நல்லாத்தான் படுத்திருக்கு” என்றா.

இந்தப் பூனை இன்னும் ஐந்து வருடமோ, எட்டு வருடமோ இருக்கலாம். கடைசி வருடங்களில் சிறுநீரக நோய் வரும் வாய்ப்பு அதிகம் என்று வைத்தியர் முன்கூட்டியே சொல்லிவிட்டார், அதற்கும் மாதம் ஒரு தொகை ஒதுக்குகிறோம். புலம்பெயர்ந்த வீடுகளில் பிள்ளைகள் பூனை கேட்கிறார்கள், நாங்கள் வேலையைக் காரணம் காட்டி மறுக்கிறோம் அல்லது அவசரத்தில் குட்டியொன்றை வாங்கிவிடுகிறோம். இரண்டுக்கும் முன்னால் ஒரு மாத அட்டவணையை எழுதிப் பாருங்கள். பின்னேரங்களுக்கு எதிரே பெயர் எழுத முடியாவிட்டால் இப்போதைக்கு வேண்டாம். எழுத முடிந்தால், காப்பகத்துக்குப் போகும்போது குட்டிகளின் கூட்டுக்கு முதல் வயதான பூனைகளின் அறையைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.