கறுத்த திரை

பெரம்பலூரில் ஒரு கல்லூரியின் கணினி ஆய்வகத்தில் எனக்கு வேலை. தினமும் அரியலூரிலிருந்து, சிமெண்ட் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்துவரும் பஸ்ஸில் வந்துபோகிறேன். புராஜெக்ட் வைவாவுக்கு முதல் நாள் மாலை, இறுதியாண்டு மாணவி ஒருத்தி லேப்டாப்பை மூடக்கூட இல்லாமல் ஏந்திக்கொண்டு வந்தாள்.

"சார், விர்ச்சுவல் மெஷின் செத்துப்போச்சு. ஒரே கறுப்பு. டெலிட் பண்ணிட்டு புதுசா போடுன்னு பசங்க சொல்றாங்க."

காரையிலும் அரியலூர்ச் சுண்ணாம்புக் குவாரிகளிலும் கிடைக்கிற அம்மோனைட் புதைபடிவங்களைப் படத்தை வைத்து வகைபிரிக்கும் நிரல் அதற்குள் இருந்தது. ஆறு மாத உழைப்பு. நகல் கிடையாது.

"எதையும் தொடாதம்மா" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது.

காரணம் பழையது. 2011இல் தொடங்கிய அரசின் இலவச மடிக்கணினித் திட்டத்தில் எனக்கும் ஒன்று கிடைத்தது. அதில் விர்ச்சுவல்பாக்ஸ் போட்டு, லினக்ஸ் ஏற்றி, ஒரு செமஸ்டர் வேலை முழுவதையும் உள்ளே வைத்திருந்தேன். ஒருநாள் திரை கறுத்தது. செத்துவிட்டது என்று நானே அழித்தேன்.

விர்ச்சுவல் மெஷினுக்கென்று தனியாக கிராபிக்ஸ் கார்டு இல்லை. விர்ச்சுவல்பாக்ஸ் ஒரு கார்டைப் போல நடிக்கும். உள்ளே இருக்கிற லினக்ஸ் அதை நிஜமென்று நம்பி டிரைவரை ஏற்றும். இந்த இரண்டுக்கும் ஒத்துப்போகாவிட்டால் படம் வராது. படம் வராததாலேயே வட்டும் கோப்புகளும் போய்விட்டன என்று ஆகாது.

வலது கன்ட்ரோலோடு எஃப்3ஐ அழுத்தினேன். கறுப்பில் வெள்ளை எழுத்தாக லாகின் கேட்டது. அவளே கடவுச்சொல்லை அடித்தாள். பட்டியல் கேட்டதும் கோப்புறைகள் வரிசையாக வந்து நின்றன.

"இருக்கு சார்! எல்லாமே இருக்கு!"

"நேத்து எதையாவது மாத்துனியா?"

"வேகமா ஓடும்னு த்ரீடி ஆக்ஸலரேஷன டிக் பண்ணேன்."

மெஷினை முறையாக அணைத்தோம். அமைப்புகளில் டிஸ்ப்ளே பகுதிக்குப் போய் அந்த டிக்கை எடுத்தோம். 16 எம்பியாக இருந்த வீடியோ மெமரியை 128 ஆக்கினோம். கன்ட்ரோலர் விஎம்எஸ்விஜிஏ என்றிருந்தது. லினக்ஸுக்கு அதுவே பொருத்தம் என்பதால் விட்டுவிட்டோம். மறுபடி இயக்கியதும் டெஸ்க்டாப் வந்தது. வேறெதையும் தொடுமுன் பென்டிரைவில் நகல் எடுக்கவைத்தேன்.

"ஒங்களுக்கு எப்படி சார் தெரிஞ்சுது?"

"ஒருதடவ தெரியாம இருந்தேம்மா."

அன்று பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. நான் அழித்த அந்த மெஷினும் அன்றைக்கு உள்ளே ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கும் என்ற நினைப்பு அரியலூர்வரை கூடவே வந்தது.