சக்கரத்தின் மேல் ஒரு வீடு

சென்ற விடுமுறையில் நாம் இருவரும், கணவனும் மனைவியுமாக, படுக்கையும் அடுப்பும் பொருத்திய வாடகை வேனில் பண்டாரவளையிலிருந்து பூனாகலைக்குச் சென்றோம். ஊவாவின் பத்தனாப் புல்வெளிகள் காற்றில் அலையாடின. புல் முடிந்த இடத்தில் தேயிலை. தேயிலையின் நடுவே லயங்கள்.

ஒரு லயத்தருகே நின்று தேநீர் கொதிக்கவைத்தோம். விறகுக்கட்டுடன் வந்த மூதாட்டியார் வேனுக்குள் எட்டிப் பார்த்தார்.

“படுக்க, சமைக்க எல்லாம் இருக்கே! சொந்தமா தம்பி?”

“வாடகைதான், அம்மா.”

“எங்க வீடும் சொந்தமில்லே. ஆனா மண்ணு சரிஞ்சா ஓட்டிக்கிட்டுப் போக முடியாதே!”

அது வேடிக்கைப் பேச்சன்று. பூனாகலைக்கு அப்பால், கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில், 2014 ஒக்டோபர் 29 காலை மலை சரிந்து லயங்களை மூடிற்று. ஆபத்தான இடமென முன்னரே எச்சரித்திருந்தனர். ஆனால், சொந்த நிலமில்லாதார் எங்கே செல்வர்? 1948ஆம் ஆண்டுச் சட்டம் இம்மக்களின் குடியுரிமையைப் பறித்தது. எஞ்சியோர்க்கும் அதனை மீட்டளித்தது 2003ஆம் ஆண்டுச் சட்டம். வாக்குச்சீட்டு வந்தது, பெரும்பாலோர்க்குக் காணி உறுதி இன்னும் வரவில்லை.

விரும்பியபோது வீட்டை விட்டுப் புறப்படுவது, திரும்பிவர வீடுடையார்க்கே இன்பம். மலையகத்தின் எழிலைப் பாடுவோர் இதனையும் எண்ணுக. பாதுகாப்பான நிலம் சலுகையன்று. அது உயிர்வாழும் உரிமை.