நாலு லட்ச ரூபாய்த் துப்பாக்கியும் மேக்கரை வாழையும்

2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு காட்டுப்பன்றி பற்றிய முடிவை அறிவித்ததில் இருந்து, தென்காசிக்குப் போன் போட்டால் நலம் விசாரிப்பதற்கு முன்பே பன்றிப் பேச்சு வந்துவிடுகிறது. காப்புக்காட்டில் இருந்து ஒரு கிலோமீட்டருக்குள் திரியும் பன்றியைச் சுடக்கூடாது. ஒன்றில் இருந்து மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டுக்குள் விடவேண்டும். மூன்றைத் தாண்டினால் வனத்துறையினர் சுடலாம். காகிதத்தில் படிக்க ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆனால் மேக்கரையிலும் வடகரையிலும் தோட்டம் வைத்திருப்பவர்களுக்குக் காட்டுக்கும் வாழைக்கும் நடுவே இருப்பது ஒரு ஓடை. பன்றி அதிகம் அழிப்பது அவர்கள் தோட்டத்தைத்தான். சுடும் அனுமதியோ அவர்களைத் தாண்டி மூன்று கிலோமீட்டருக்கு அப்பால்தான் தொடங்குகிறது.

அப்படி ஒரு பேச்சில்தான் பெரியப்பா மகன் கோபப்பட்டார். இங்கே ஜெர்மனியில் என் பக்கத்து வீட்டுக்காரர் பன்றி வேட்டைக்குப் போகிறவர். அவர் வைத்திருக்கும் ரைபிள் என்ன விலை என்று அண்ணன் கேட்டார், சொன்னேன். “ஏலே, நாலு லட்ச ரூவாய்க்கு ஒரு துப்பாக்கியா? அந்தக் காசுக்கு நம்ம தோட்டத்தச் சுத்தி சோலார் வேலியே போட்டிரலாம்லா. அவனுக்குப் பணம் கொழுத்துப் போய் ஆடுதான், நீயும் அதப் பெருமையாச் சொல்லுத!”

அந்தத் தொனி எனக்கு உறுத்தியது. கேள்வி உறுத்தவில்லை, ஏனென்றால் அது நியாயமான கேள்வி. போனில் சொல்லி முடியாத பதிலை இங்கே எழுதுகிறேன்.

நான் குடியிருக்கும் தூரிங்கியா மாநிலத்தில் சூல் என்றொரு மலையூர் இருக்கிறது. பல நூறு ஆண்டுகளாகத் துப்பாக்கி செய்து பிழைத்த ஊர். சாவர் நிறுவனம் 1751-இல் அங்கேதான் தொடங்கியது; மெர்கெல் 1898-இல். துப்பாக்கித் தொழில் கற்பவர்கள் மூன்று ஆண்டு பயிற்சி பெறுகிறார்கள். இரும்பை அரம் கொண்டு ராவுவதில் இருந்து ஆரம்பித்து, குழலையும் கட்டையையும் மயிரிழை இடைவெளி இல்லாமல் பொருத்துவது வரை படிப்படியாகப் பழகுகிறார்கள். விலையில் பல படிகள் உண்டு. மவுசர் நிறுவனம் 2018-இல் எம்18 என்ற ரைபிளைக் கொண்டுவந்தபோது அதன் விலை எழுநூறு யூரோ சுற்றுவட்டம். இஸ்னி நகரத்தில் செய்யப்படும் பிளேசர் ஆர்8 நாலாயிரம் யூரோவுக்கு மேல். அதில் பொருத்தும் தொலைநோக்கிக்குத் தனிக் காசு. சூலிலோ ஆஸ்திரியாவின் ஃபெர்லாக்கிலோ ஆளுக்கு அளவெடுத்துக் கையால் செய்து தரும் மூன்று குழல் துப்பாக்கிக்குப் பல பத்தாயிரம் யூரோ கேட்பார்கள்.

பிளேசருக்குக் கொடுக்கும் நாலாயிரம் யூரோவுக்கு, அதாவது அண்ணன் கோபப்பட்ட அந்த நாலு லட்ச ரூபாய்க்கு, என்ன கிடைக்கிறது? குறி தவறாமை கிடைக்கிறது என்று சொன்னால் அது பாதிப் பொய். இன்றைய இயந்திரங்களில் செய்த மலிவு ரைபிளும் நூறு மீட்டரில் மூன்று நான்கு சென்டிமீட்டர் வட்டத்துக்குள் குண்டுகளைப் போட்டுவிடும். பன்றியைப் பெரும்பாலும் பரண் மேல் உட்கார்ந்து நூறு மீட்டருக்குள்தான் சுடுகிறார்கள். அந்தத் தூரத்துக்கு எழுநூறு யூரோ துப்பாக்கி தாராளமாகப் போதும். கூடுதல் காசு போவது வேறு இடங்களுக்கு. பிளேசரில், சுடப்போகும் கணத்தில் கட்டைவிரலால் தள்ளினால்தான் சுடும் ஊசியின் வில் ஏறும். அதுவரை தோட்டா உள்ளே இருந்தாலும், இருட்டில் பரண் ஏணியில் கால் வழுக்கி விழுந்தாலும், வெடிக்க வழியில்லை. விசை எந்த இழுப்பும் தயக்கமும் இல்லாமல், கண்ணாடிக் குச்சி ஒடிவது போல் ஒடியும். தொலைநோக்கியைக் கழற்றித் திரும்ப மாட்டினாலும் குறி பழைய இடத்திலேயே நிற்கும். குழல் தேய்ந்தால் குழலை மட்டும் மாற்றலாம். வாரந்தோறும் அந்தியில் காட்டுக்குப் போகும் ஒருவருக்கு இவை வீண் செலவு இல்லை. பெட்டியில் வைத்து விருந்தாளிக்குக் காட்டுபவருக்கு ஒவ்வொரு யூரோவும் வீண்தான். அப்படிப்பட்டவர்கள் இங்கே நிறையவே இருக்கிறார்கள் என்பதையும் அண்ணனிடம் ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் என்னைக் கட்டிப்போட்டது துப்பாக்கியின் வேலைப்பாடு அன்று. அந்தத் துப்பாக்கியைச் சுற்றி இந்த நாடு கட்டிவைத்திருக்கும் கடமைகள்.

குழல் கடைக்கு வருவதற்கு முன்பே அரசின் சோதனைக்கூடத்தில், வழக்கத்தைவிட அதிக அழுத்தம் தரும் தோட்டாவைப் போட்டு வெடித்துப் பார்க்கிறார்கள். தாங்கினால்தான் முத்திரை, முத்திரை இல்லாமல் விற்க முடியாது. பெரிய விலங்கைச் சுடும் குண்டு 6.5 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது, நூறு மீட்டரில் அதற்கு 2000 ஜூல் ஆற்றலாவது மிச்சம் இருக்கவேண்டும் என்று கூட்டாட்சி வேட்டைச் சட்டமே சொல்கிறது. வேட்டை உரிமத்துக்கு எழுத்துத் தேர்வு, வாய்மொழித் தேர்வு, சுடும் தேர்வு மூன்றிலும் தேறவேண்டும். விலங்கின் நோய், மரம், பயிர், நாய், சட்டம், இறைச்சிச் சுகாதாரம் எல்லாம் பாடத்தில் உண்டு. துப்பாக்கியை வைக்கும் இரும்புப் பெட்டிக்கும் தரம் குறித்திருக்கிறார்கள்.

எல்லாவற்றுக்கும் மேல், அடிபட்டு ஓடிய விலங்கைத் தேடும் கடமை. இதை நான் எத்தனை பேரிடம் சொல்லியும் எனக்கு அலுக்கவில்லை. சுட்ட இடத்தில் பன்றி விழவில்லை என்றால் அன்றைய வேலை முடிந்துவிடாது. நின்ற இடத்துக்குப் போய் மண்டியிட்டு, இலையில் தெறித்த ரத்தத்தின் நிறம், உதிர்ந்த மயிர், எலும்புச் சில்லு இவற்றைப் பார்த்து எங்கே பட்டது என்று கணிக்கிறார்கள். பிறகு இந்த வேலைக்கென்றே பழக்கிய நாயோடு ஒருவரை அழைக்கிறார்கள். ஹனோவர் மோப்ப நாய் என்று ஒரு சாதி. முந்தைய நாள் ரத்தச் சுவட்டைக்கூட மறுநாள் பிடித்துக்கொண்டு கிலோமீட்டர் கணக்கில் போகும். மழையில், முள்ளில், செங்குத்துச் சரிவில் போய், அந்த விலங்கின் வேதனையை முடித்துவைத்த பிறகே திரும்புகிறார்கள். அதை வீரம் என்று யாரும் பேசுவதில்லை. செய்யாமல் விட்டவரோடு அடுத்த முறை காட்டுக்குப் போக யாரும் வருவதில்லை. நல்ல ரைபிள் ஏன் வேண்டும் என்பதற்கு என் பக்கத்து வீட்டுக்காரர் சொல்லும் காரணமும் இதுதான்: இந்தத் தேடலுக்கு வேலை வரக்கூடாது.

இதை நம் மலையடிவாரத்தோடு வைத்துப் பார்க்கும்போதுதான் எனக்கு நெஞ்சு அடைக்கிறது. உரிமம் இல்லாமல் நம் ஊரில் வாங்கக் கிடைக்கும் ஏர்கன்னின் ஆற்றல் 20 ஜூலுக்குள். அதைக் கொண்டு பன்றியை வெறியேற்றத்தான் முடியும். அடுத்தது நாட்டுத் துப்பாக்கி. கரிமருந்தையும் பால்ரஸ் குண்டையும் வாய்வழியாகக் கெட்டித்துச் சுடுகிற அதில் குண்டு எங்கே போகும் என்பது சுடுகிறவருக்கே நிச்சயமில்லை. அதற்கும் அடுத்தது அவுட்டுக்காய். பழத்துக்குள் வெடிமருந்தை வைத்துப் போட்டுவிட்டால் எது கடிக்கிறதோ அதன் தாடை சிதறும். 2020 மே மாதம் பாலக்காட்டுப் பக்கம் ஒரு கர்ப்பிணி யானை அப்படி வாய் சிதறி, வலி தாங்காமல் ஆற்றுத் தண்ணீருக்குள் நின்றபடியே செத்ததை உலகமே பார்த்தது. வாய் சிதறிச் சாகும் பன்றிகளை யாரும் படம் எடுப்பதில்லை. மலிவான ஆயுதத்தின் மிச்சக் கணக்கை அந்த விலங்குதான் கொடுத்துத் தீர்க்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது. பன்றி ஒரு விவசாயியின் சோளத்தை அழித்தால் ஜெர்மனியில் நட்டஈடு கொடுக்கும் பொறுப்பு அந்தப் பகுதியின் வேட்டை உரிமைக்குழுவுடையது. வேட்டை உரிமையைக் குத்தகைக்கு விடும் ஒப்பந்தத்தில் பெரும்பாலும் அது வேட்டைக்காரர் தலையில் விழும். விவசாயி சேதத்தைப் பார்த்த ஒரு வாரத்துக்குள் சொல்லவேண்டும். ஆக, நாலாயிரம் யூரோ ரைபிளோடு பரணில் உட்கார்ந்திருப்பவர், பன்றி பெருகினால் தன் பையில் இருந்து பணம் எடுத்து வைக்கவேண்டியவர். நம் அண்ணனோ வாழைக்குலையைப் படம் எடுத்து, மனு எழுதி, கையெழுத்துக்கு அலைந்து, கொடுத்த மனுவுக்குப் பதில் வராமல் அடுத்த கன்றை நட்டுவிட்டார்.

இந்த ஒழுங்கு இங்கே வானத்தில் இருந்து விழவில்லை. 1525-இல் ஜெர்மன் விவசாயிகள் கிளர்ந்தெழுந்தபோது மெம்மிங்கன் நகரில் எழுதிய பன்னிரண்டு கோரிக்கைகளில் நான்காவது, வேட்டை விலங்கு பற்றியது. பிரபுவின் மான் எங்கள் விளைச்சலைத் தின்கிறது, நாங்கள் வாய்மூடிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது என்பதுதான் அதன் சாரம். மேக்கரைக்காரர் இன்று சொல்வதும் அதுதான். அந்த எழுச்சியை ரத்தத்தில் அடக்கினார்கள். 1848 புரட்சிக்குப் பிறகே, அடுத்தவர் நிலத்தில் வேட்டையாடும் பிரபுக்களின் உரிமை ஒழிந்து, வேட்டை நில உரிமையோடு சேர்ந்தது.

நம் பக்கம் கதை நேர்மாறாகப் போனது. பாளையக்காரர் போர் 1801-இல் முடிந்ததும் தென்சீமையில் ஆங்கிலேயர் ஆயுதங்களைப் பறித்தார்கள். 1878 ஆயுதச் சட்டம் வந்த பிறகு துப்பாக்கி என்பது துரையிடமும் ஜமீன்தாரிடமும் இருப்பது என்றாயிற்று. எங்கள் பகுதியில் துப்பாக்கி என்றதும் இன்றும் நினைவுக்கு வருவது 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷைச் சுட்ட செங்கோட்டை வாஞ்சிநாதன். புனலூரில் வனத்துறை வேலையில் இருந்தவர் அவர். அவர் கையில் இருந்தது பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் கைத்துப்பாக்கி. ஆக, துப்பாக்கி நமக்கு ஆட்சியின் சின்னமாக இருந்தது, பிறகு ஆட்சிக்கு எதிரான சின்னமாக ஆனது. பயிர் காக்கும் கருவியாக அது நம்மிடம் பரவலாக வந்து சேரவில்லை. அண்ணனுக்கு அந்த விலை ஆடம்பரமாகத் தோன்றுவதன் வேர் அங்கே இருக்கிறது.

இவ்வளவு புகழ்ந்துவிட்டு நம் பக்கத்துக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் போனால் எனக்குத் தூக்கம் வராது. இத்தனை நேர்த்தியான துப்பாக்கிகள் வைத்திருந்த இந்த நாடு தன் கரடியைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கொன்று தீர்த்தது. ஓநாயையும் அப்படியே அழித்தது. 2000-ஐ ஒட்டித்தான் போலந்துப் பக்கமிருந்து வந்த ஓநாய்கள் மறுபடி இங்கே குட்டி போட்டன. வேட்டையாடும் மிருகம் இல்லாத காட்டில் பன்றி பெருகாமல் என்ன செய்யும்? 2019-20 வேட்டை ஆண்டில் மட்டும் ஜெர்மனியில் 8.8 லட்சத்துக்கும் மேற்பட்ட காட்டுப்பன்றிகளைச் சுட்டார்கள், அப்படியும் தீரவில்லை. குற்றாலத்து மலைக்குப் பின்னால் தொடரும் காடுகளில் இன்றும் புலி நடக்கிறது, யானை நடக்கிறது, கரடி இருக்கிறது. களக்காடு முண்டந்துறை 1988-இல் இருந்து புலிகள் காப்பகம். 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தையும், தென்னையை யானை சாய்த்துவிட்டுப் போன மறுநாள் காலையில் அதைப் பிள்ளையார் என்று சொல்லிக் கையெடுத்த மனிதர்களையும் சேர்த்தே அவை இன்றும் உயிரோடிருக்கும் கணக்கில் வைக்கவேண்டும். இங்கே என்னோடு வேலை செய்கிறவர்களிடம் இதைச் சொல்லும்போது அவர்களால் மறுக்க முடிவதில்லை.

விலை கொடுத்து நேர்த்தியை வாங்குவதும் நமக்குப் புதிதில்லை. மெல்லிய கோரையைக் கீறி, ஊறவைத்து, வாரக்கணக்கில் நெய்யும் பத்தமடைப் பட்டுப்பாய்க்கு, பிளாஸ்டிக் பாயின் விலையைவிடப் பல மடங்கு கொடுக்கிறோம். எதற்குக் கொடுக்கிறோம் என்று தெரிந்தே கொடுக்கிறோம்.

மலைமுகட்டுக்கு அந்தப் பக்கம் ஆரியங்காவில் விதி வேறு. கேரளத்தில் 2022-இல் இருந்து, பயிரை அழிக்கும் பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரம் உள்ளாட்சித் தலைவர் கையில் இருக்கிறது. உரிமம் உள்ள துப்பாக்கிக்காரரைக் கொண்டு செய்கிறார்கள். புளியரைக்கு இந்தப் பக்கம் மூன்று கிலோமீட்டர் கணக்கு. பன்றிக்கு மாநில எல்லை தெரியாது. கேரள வழியை அப்படியே கொண்டுவாருங்கள் என்று நான் சொல்லமாட்டேன். பயிற்சியும், அடிபட்டதைத் தேடும் கடமையும் இல்லாமல் துப்பாக்கியை மட்டும் பரவலாக்கினால் என்ன ஆகும் என்பதை நினைத்தாலே பயமாக இருக்கிறது.

அண்ணே, உங்கள் கேள்விக்கு என் பதில் இது. உங்களுக்கு அந்த நாலு லட்ச ரூபாய்த் துப்பாக்கி வேண்டாம். சோலார் வேலியே போடுங்கள். 2023-இல் வந்த விதிப்படி அதைப் பதிவு செய்துகொள்ளுங்கள். சாரல் காலத்தில் புல் வளர்ந்து கம்பியைத் தொட்டால் மின்துடிப்பு செத்துவிடும். வாரம் ஒருமுறை அடிப்புல்லைச் செதுக்கவேண்டும். வீட்டு மின்சாரத்தை நேரே கம்பியில் கொடுக்கும் வேலைக்கு மட்டும் போகாதீர்கள். அதில் யானையும் சாகிறது, மனிதரும் சாகிறார்கள்.

அந்த விலைத் துப்பாக்கி தேவைப்படுவது தென்காசி மாவட்ட வனத்துறைக்கு. சுடும் அதிகாரத்தை அரசு அவர்களிடம்தான் கொடுத்திருக்கிறது. சுடுவதென்று முடிவான பிறகு அரைகுறை ஆயுதத்தோடு அவர்களை இருட்டில் அனுப்புவது அவர்களுக்கும் ஆபத்து, விலங்குக்கும் சித்திரவதை. தொலைநோக்கியோடு சில நல்ல ரைபிள்கள், ஆண்டுதோறும் சுடும் தேர்வில் தேறிய சிலர், ரத்தச் சுவடு பிடிக்கப் பழக்கிய இரண்டு நாய்கள், மனு கொடுத்த மாதத்துக்குள் நட்டஈடு. அடுத்த விவசாயிகள் குறைதீர்க்கும் நாளில் இந்த நான்கையும் எழுதிக் கொடுங்கள். வடகரை, மேக்கரை, பண்பொழி, கடையம் ஊர்க்காரர்கள் எல்லாரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்.