தோபா ஏரிக்கரையில் மணவறை



கல்யாணப் பத்திரிகை கைக்கு வந்ததும் முதலில் எதைப் பார்க்கிறோம்? மணமக்கள் பெயரைப் பார்க்கிறோம். அடுத்து, மண்டபம் எங்கே, போய்வர வசதி உண்டா, சாப்பாடு எத்தனை மணிக்கு என்று பார்க்கிறோம். தோட்டத்துக் கோயிலில் தாலி கட்டி, திடலில் கொட்டகை போட்டு, லயத்துக்கு லயம் அடுப்பு மூட்டிச் சமைத்த காலம் ஒன்று இருந்தது. பிறகு பட்டணத்து மண்டபங்கள் வந்தன. இப்போது இன்னொரு வழக்கமும் தலைகாட்டியிருக்கிறது. கடல் கடந்த ஒரு மலையேரிக் கரையில், வெள்ளி, சனி, ஞாயிறு என மூன்று நாள் கல்யாணம். அழைப்பு நெருங்கியவர்களுக்கு மட்டும்.

இதைக் கேட்டு முகம் சுளிப்பவர்கள் உண்டு. 'ஆகா, இதுவல்லவா கல்யாணம்!' என்பவர்களும் உண்டு. நான் இரண்டு கட்சியிலும் சேரவில்லை. அப்படி ஒரு கல்யாணத்துக்கு ஏற்ற ஏரி ஒன்று நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அதைப் பற்றிச் சொல்கிறேன். ஏற்பாடு செய்ய நினைக்கும் குடும்பங்கள் முதலில் எதை யோசிக்க வேண்டும் என்பதையும் சொல்கிறேன். முடிவை நீங்களே செய்துகொள்ளுங்கள்.

ஏரியின் கதை

சுமத்திராத் தீவின் வடபகுதியில், கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது தோபா ஏரி. நீளம் 100 கிலோமீட்டர், அகலம் 30 கிலோமீட்டர். ஆழமான இடத்தில் 500 மீட்டருக்கும் மேல். நடுவில் சமோசிர் என்ற பெரிய தீவு. ஏரி என்று சொன்னால் நம் மனக்கண்ணில் வரும் அளவு இதற்குப் போதாது. கரையில் நின்றால் கடலோ என்று மயங்குவோம். தண்ணீரை அள்ளிக் குடித்தால்தான் ஏரி என்று தெரியும்.

இது எரிமலை வாய். ஏறக்குறைய 74,000 ஆண்டுகளுக்கு முன் இங்கே வெடித்த எரிமலைக்கு நிகரான வெடிப்பு மிக அரிது. அதன் சாம்பல் மலாக்கா நீரிணையைத் தாண்டி வந்து நம் நாட்டின் மீதும் கொட்டியது. பேராக் மாநிலத்தின் லெங்கோங் பள்ளத்தாக்கில் ஆதி மனிதர்களின் கற்கருவிகள் கிடைத்த மண்ணில் அந்தச் சாம்பலை இன்றும் காணலாம். 2012இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்ட அதே பள்ளத்தாக்குதான். ஆக, தோபா நமக்கு அந்நியமான இடமல்ல.

சென்ற பள்ளி விடுமுறையில் ஆசிரியைகள் நாங்கள் ஐவர் அங்கே போய்வந்தோம். கோலாலம்பூரிலிருந்து மேடான் நகருக்கு விமானத்தில் ஒரு மணி நேரம். பினாங்கிலிருந்து இன்னும் குறைவு. மேடானிலிருந்து கரையோர ஊரான பராப்பாட்டுக்கு ஏறக்குறைய 175 கிலோமீட்டர். வழியெல்லாம் கித்தாவும் செம்பனையும். 'அட, நம்ம தோட்டம் மாதிரியே இருக்கு' என்று ஒருவர் சொல்ல, மற்றவர்கள் சிரித்தோம். ஆனால் அதில் ஓர் உண்மை இருக்கிறது. 1863இல் டச்சுக்காரர் நீன்ஹுய்ஸ் இந்த டெலி வட்டாரத்தில் புகையிலை பயிரிடத் தொடங்கிய பிறகு, இங்கே உழைக்க வந்தவர்களில் தமிழரும் இருந்தார்கள். சாலை போட்டவர்களும் மாட்டு வண்டி ஓட்டியவர்களும் அவர்களில் உண்டு. மேடானில் அவர்கள் 1884இல் எழுப்பிய ஸ்ரீ மாரியம்மன் கோயில் இன்றும் இருக்கிறது. கோயிலைச் சுற்றியுள்ள பகுதிக்குக் கம்போங் மெட்ராஸ் என்றே பெயர்.

மொய் நோட்டும் அப்பாயியும்

நாங்கள் திரும்பி வந்த சில நாட்களில் என் பழைய மாணவி ஒருத்தி என்னைப் பார்க்க வந்தாள். தோட்டத்துப் பள்ளியில் என்னிடம் எழுத்துக் கூட்டிப் படித்தவள். இன்று பட்டணத்தில் நல்ல உத்தியோகம். கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. தோபாவில் வைக்க வேண்டும் என்பது அவள் ஆசை.

"மண்டபம்னா ஆயிரம் பேரு டீச்சர். மேடையில நின்னு போட்டோ எடுத்து எடுத்துக் கால் வலிச்சதுதான் ஞாபகம் இருக்கும். ஏரின்னா நாப்பது பேரு. எல்லார்கிட்டயும் உட்கார்ந்து பேசலாம்" என்றாள். அவள் பேச்சில் நியாயம் இருந்தது. செலவுக் கணக்கும் எழுதி வைத்திருந்தாள். ஆயிரம் பேருக்கு மண்டபச் சாப்பாடு போடுவதைவிட நாற்பது பேரை மூன்று நாள் ஏரிக்கரையில் தங்கவைப்பது குறைவாகவே வந்தது.

அவள் அப்பா கணக்கில் குறை சொல்லவில்லை. உள்ளே போய் ஒரு பழைய மொய் நோட்டை எடுத்துவந்து என் முன்னால் வைத்தார். ஐந்து வெள்ளி, பத்து வெள்ளி என்று முப்பது ஆண்டு எழுத்து. "டீச்சர், இவங்கெல்லாம் எங்களுக்குச் செஞ்சவங்க. இதுல யாரை வேணாம்ங்கிறது? நீங்களே சொல்லுங்க" என்றார்.

மகளும் விடவில்லை. "அப்பா, அதுக்கு ஊருக்கு வந்து ஒரு விருந்து வெச்சிடலாம்" என்றாள். வாதம் இப்படிப் போய்க்கொண்டிருக்க, வாசலில் உட்கார்ந்திருந்த அவள் அப்பாயி பேசினார். எண்பது வயதைத் தாண்டியவர். இந்தத் தோட்டத்தில் பிறந்து, இந்தத் தோட்டத்திலேயே பால் வெட்டி ஓய்ந்தவர். இன்றும் கையில் சிவப்பு அடையாள அட்டைதான். வாசகர்களே, சிவப்பு அட்டை என்றால் என்ன என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. குடியுரிமை இல்லாதவருக்கு மலேசியக் கடப்பிதழ் கிடையாது.

"நீங்க போய்ட்டு வாங்க. நான் போட்டோவில பாத்துக்கிறேன்" என்றார் அப்பாயி. கோபமாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் ஏரியைப் பற்றிப் பேசவில்லை.

தூரத்துக் கல்யாணத்துக்குத் திட்டம் போடுகிறவர்கள் எல்லாரும் வரப்போகிறவர்களின் பட்டியலைத்தான் முதலில் எழுதுகிறார்கள். வர முடியாதவர்களின் பட்டியலை முதலில் எழுதுங்கள் என்பேன் நான். கடப்பிதழ் இல்லாதவர், படுக்கையில் இருப்பவர், வாரத்துக்கு மூன்று முறை இரத்தம் சுத்திகரிப்பவர், நாள் சம்பளத்தை விட்டுவர முடியாதவர், வெளியில் சொல்லக் கூச்சப்பட்டு 'வேலை இருக்கிறது' என்று ஒதுங்கப் போகிறவர் என்று ஒவ்வொரு பெயராக எழுதுங்கள். அந்தப் பட்டியலில் இருக்கும் ஒருவர் இல்லாமல் தாலி ஏறக்கூடாது என்று உங்கள் மனம் சொன்னால், தாலி கட்டும் இடம் அவர் இருக்கும் இடமே.

அப்படியும் ஏரிக்குப் போகலாம்

என் மாணவி இரண்டு வாரம் கழித்து மறுபடியும் வந்தாள். "தாலி நம்ம கோயில்ல டீச்சர். அப்பாயி அட்சதை போடணும். ரெண்டு நாள் கழிச்சு ஏரிக்குப் போறோம்" என்றாள். அவளும் நானும் உட்கார்ந்து திட்டம் எழுதினோம். உங்களுக்கும் பயன்படும் என்பதால் தருகிறேன்.

முதலில் பதிவு. முஸ்லிம் அல்லாதோர் திருமணத்துக்கான 1976ஆம் ஆண்டுச் சட்டம் 1982 மார்ச் முதல் நடப்பில் உள்ளது. வெளிநாட்டில் மணம் முடித்தால் ஆறு மாதத்துக்குள் அதைப் பதிந்தாக வேண்டும். அந்த அலைச்சலைவிட, புறப்படும் முன் இங்கேயே பதிந்துவிடுவது சுலபம்.

இரண்டாவது, நாள். ஜூன், ஜூலை மாதங்களில் மழை குறைவு. ஆண்டின் கடைசி மாதங்களில் அதிகம். நோன்புப் பெருநாள் வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள். ஊர் திரும்பும் கூட்டத்தில் சாலையும் படகும் நிரம்பி வழியும்.

மூன்றாவது, நேரம். சுமத்திரா நம் கடிகாரத்துக்கு ஒரு மணி நேரம் பின்னால். இங்கே ஒன்பது என்றால் அங்கே எட்டு. ஏரிக்கரையிலேயே தாலி கட்டுவதாக இருந்தால், நம் நாட்டுக் காலண்டரைப் பார்த்து முகூர்த்தம் குறிக்க வேண்டாம். அந்த ஊருக்குக் கணித்துத் தரும்படி ஐயரிடம் கேளுங்கள். காலை நேரமே நல்லது. பிற்பகலில் ஏரியில் காற்று எழும். ஓமத் தீயும் நிற்காது, பந்தல் துணியும் நிற்காது.

நான்காவது, பூவும் சாப்பாடும். செடிகொடிகளை எல்லை கடந்து எடுத்துப்போகக் கட்டுப்பாடு உண்டு. மேடானுக்குத் தெற்கே பெராஸ்தாகி என்ற மலையூர் பூவுக்கும் காய்கறிக்கும் பேர் போனது. அங்கே சொல்லி வையுங்கள். ஏரிக்கரை மக்களின் விருந்தில் பன்றி இறைச்சி சாதாரணம். நம் விருந்து சைவம் என்றால் சமையற்காரரையும் பாத்திரங்களையும் தனியே ஏற்பாடு செய்ய வேண்டும். மேடான் கோயில் வழியாக விசாரித்துப் பாருங்கள்.

ஐந்தாவது, வயதானவர்கள். விமானம் இறங்கிய அன்றே பராப்பாட்டுக்கு ஓடாதீர்கள். முதல் இரவு மேடானில் தங்கி, காலையில் புறப்படுங்கள். மலைச் சாலைக்கு நான்கைந்து மணி நேரம் ஒதுக்குங்கள். இரவில் குளிரும், கம்பளி எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாருடைய கடப்பிதழும் இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாகிறதா என்பதை இப்போதே எடுத்துப் பாருங்கள்.

படகில் கால் வைக்குமுன்

இதைச் சற்று நிறுத்திப் படியுங்கள். 2018 ஜூன் 18ஆம் தேதி, நோன்புப் பெருநாள் முடிந்த மூன்றாம் நாள், சமோசிர் தீவின் சிமானிண்டோ துறையிலிருந்து தீகராஸ் கரைக்குப் புறப்பட்ட 'சினார் பாங்குன்' என்ற படகு நடு ஏரியில் கவிழ்ந்தது. 43 பேர் ஏற வேண்டிய படகில் அதைப்போல் பல மடங்கு பேர் ஏறியிருந்தார்கள். 160க்கும் மேற்பட்டோர் காணாமல் போனார்கள். 450 மீட்டர் ஆழத்தில் படகு கிடப்பது தெரிந்தும் அதை மேலே கொண்டுவர முடியவில்லை. அவர்கள் இன்றும் அந்த ஏரியின் அடியில்தான் இருக்கிறார்கள்.

கல்யாணக் கூட்டம் என்றால் 'இன்னும் ஐந்து பேர்தானே, ஏறுங்கள்' என்று சொல்லும் கூட்டம்! ஆகவே உங்கள் கூட்டத்தில் கண்டிப்பான ஒருவரை, பெரியப்பாவோ சித்தியோ, படகுக்குப் பொறுப்பாக நியமித்துவிடுங்கள். தலைக்கு ஒரு மிதவை அங்கி கண்ணில் தெரிந்தால்தான் படகு கிளம்ப வேண்டும். காற்று எழுந்தால் பயணத்தை மறுநாளைக்குத் தள்ளுங்கள். தண்ணீருக்கு அஞ்சுபவர்களுக்குத் தரைவழியும் உண்டு. தீவின் மேற்கே பங்குருரான் ஊரில் பாலம் இருக்கிறது. சுற்று வழிதான், ஆனாலும் போகலாம்.

கரையில் வாழ்பவர்கள்

இந்த ஏரி பாத்தாக் மக்களின் ஊர். சமோசிரில் ஒரு பாத்தாக் கல்யாணத்தைச் சாலையோரம் நின்று பார்த்தோம். முரசு முழங்க, பெரியவர்கள் 'ஊலோஸ்' என்னும் கைத்தறித் துணியை மணமக்களின் தோளைச் சுற்றிப் போர்த்தினார்கள். பிறகு அவர்கள் தலையில் அரிசி தூவினார்கள்! எங்கள் ஐவருக்கும் கை தானாக உயர்ந்தது.

நாங்கள் தங்கியிருந்த வீட்டு அம்மாள் பின்னர் விளக்கினார். தாயுடன் பிறந்தவரை 'துலாங்' என்கிறார்கள். கல்யாணத்தில் அவருக்குத் தனி மரியாதை. துலாங்கின் மகளை மணப்பது அவர்கள் வழக்கத்தில் மெச்சத்தக்க சம்பந்தம். தாய்மாமனும் முறைப்பெண்ணும் நமக்குத் தெரியாதவர்களா? "துலாங் வராவிட்டால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டேன். "வரும்வரை பேசுவோம்" என்று சிரித்தார் அந்த அம்மாள்.

அழகைத் தேடி நாம் போகும் அந்தக் கரையில் வாழ்கிறவர்கள், உறவு வந்து சேராமல் கல்யாணத்தை நடத்துவதில்லை. அவர்களுக்கு அந்த ஏரி படம் பிடிக்கும் திரைச்சீலை அல்ல. பாட்டன் பூட்டன் புதைந்த மண் அது. விருந்தாளியாகப் போகும் நாம் அங்குள்ள கல்லறைகளின் மேலும் பழைய வீட்டுப் படிகளிலும் ஏறி நின்று படமெடுக்காமல், கேட்டுக்கொண்டு நுழைவது மரியாதை.

என் மாணவியின் கல்யாணம் தோட்டத்துக் கோயிலில் நடந்தது. மொய் நோட்டில் இருந்தவர்களில் பெரும்பாலோர் வந்தார்கள். அப்பாயி நாற்காலியில் உட்கார்ந்தபடியே அட்சதை போட்டார். அதன்பின் இருபத்தாறு பேர் தோபாவுக்குப் போனார்கள். அவள் நினைத்த நாற்பது பேர் சேரவில்லை. செலவும் இரட்டிப்பானது, அதை மறைக்கவில்லை. அந்தக் கடனை அடைக்க அவளுக்கு இன்னும் சில மாதம் பிடிக்கும். "பரவாயில்ல டீச்சர்" என்கிறாள்.

உங்கள் வீட்டுக் கல்யாணத்தைத் தோபாவில் வையுங்கள், கோயிலில் வையுங்கள், மண்டபத்தில் வையுங்கள். பத்திரிகை அச்சடிக்கக் கொடுக்குமுன் அந்த முதல் பட்டியலை மட்டும் எழுதிப் பாருங்கள். அதிலிருக்கும் பெயர்களுக்கு உரியவர்களின் வீட்டுக்கு நேரில் போய், ஒரு தேநீர் குடித்துவிட்டு வாருங்கள்.