முழுகாத நிலம்

சென்னையில் ஐ.டி.யில் வேலை பார்த்தவர்கள் யாரும் 2019 ஜூனை மறந்திருக்க மாட்டார்கள். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கிலும் சேர்த்து, கொள்ளளவில் ஒரு சதவீதம்கூடத் தண்ணீர் இல்லை. கழிவறைக்குத் தண்ணீர் இல்லாததால் வீட்டிலிருந்தே வேலை பாருங்கள் என்று எங்களுக்கு மெயில் வந்தது. வீட்டில் மட்டும் தண்ணீர் கொட்டியதா என்ன? ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். ஒரு ரயிலுக்கு 25 லட்சம் லிட்டர்.

அந்தக் கோடையில்தான் "இன்னும் நாலு ஏரி வெட்டினா என்ன?" என்று எல்லோரும் கேட்க ஆரம்பித்தோம். என்னைப் போன்ற ஆளுக்கு அப்படித்தான் தோன்றும். இடம் போதவில்லையா, ஸ்டோரேஜைக் கூட்டு. கிளவுடில் ஒரு பட்டனை அழுத்தினால் வேலை முடிந்தது. தரையில் அதற்கு இடம் தேடப் போகிறவர் முதலில் பார்ப்பது மேடு பள்ளம், அடுத்தது பட்டா யார் பெயரில் இருக்கிறது என்பது.

மேடு பள்ளத்தை முதலில் பார்ப்போம். மேட்டூரில் இரண்டு மலைகளுக்கு நடுவே ஒரு சுவர் எழுப்பினார்கள், 93 டி.எம்.சி. நின்றது. சென்னையைச் சுற்றி அப்படி ஒரு பள்ளத்தாக்கு கிடையாது. தாம்பாளம் மாதிரி தட்டையான பூமி. இங்கே தண்ணீரை ஆழமாகச் சேர்க்க முடியாது, அகலமாகத்தான் சேர்க்க முடியும். கும்மிடிப்பூண்டிப் பக்கம் கண்ணன்கோட்டை, தேர்வாய்கண்டிகை ஏரிகளை இணைத்து 2020 நவம்பரில் திறந்த ஐந்தாவது நீர்த்தேக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கொள்ளளவு அரை டி.எம்.சி., அதாவது 50 கோடி கன அடி. அதற்கு எடுத்த இடம் ஏறத்தாழ 1,500 ஏக்கர். வகுத்துப் பார்த்தால் சராசரி ஆழம் எட்டடிகூட வரவில்லை. கரைக்குப் போன இடத்தைக் கழித்தாலும் பத்தடியைத் தாண்டாது. நம் ஊர் வெயிலில் திறந்த நீர்ப்பரப்பிலிருந்து வருஷத்துக்கு ஐந்தடிக்கு மேல் ஆவியாகப் போய்விடும். சென்னைக்கு மாதம் ஒரு டி.எம்.சி. வேண்டும் என்பது வழக்கமாகச் சொல்லும் கணக்கு. ஆக அந்த 1,500 ஏக்கரும் ததும்ப ததும்ப நிறைந்தால் நமக்குப் பதினைந்து நாள் தண்ணீர்.

இந்தக் கணக்கைப் போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்தது பட்டா. சென்னை தன் தண்ணீருக்காகப் புதிதாக வெட்டிய ஏரிகள் குறைவு, எடுத்துக்கொண்ட ஏரிகளே அதிகம். புழல், சோழவரம், செம்பரம்பாக்கம் மூன்றும் பழைய பாசன ஏரிகள். 1872இல் புழலிலிருந்து கீழ்ப்பாக்கத்துக்குத் திறந்த கால்வாயில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். அதற்காகத் தாமரைப்பாக்கம் அணைக்கட்டில் கொசஸ்தலை ஆற்றைத் திருப்பி, சோழவரம் வழியாகப் புழலுக்கு விட்டார்கள். ஏற்கெனவே கரை இருக்கிறது, நீர் நிற்கும் இடம் சர்க்கார் இடம். கரையை உயர்த்தினால் போதும். சிக்கனமான யோசனை. ஒரு இன்ஜினியராக என்னால் அதைக் குறை சொல்ல முடியாது.

பூண்டி மட்டும் வேறு கதை. அது ஆற்றின் குறுக்கே கட்டிய அணை. மேயராக இருந்த சத்தியமூர்த்தி முன்னின்று முயன்று 1940இல் வேலை தொடங்கியது. 1944இல் அது முடிந்தபோது அவர் உயிரோடு இல்லை. பார்வை இழந்து வந்த சுந்தரருக்குச் சிவன் ஊன்றுகோல் கொடுத்ததாகச் சொல்லும் திருவெண்பாக்கம் கோயில் அந்த அணையின் நீர்ப்பரப்புக்குள் போனது. சாமியையும் கல்லையும் பெயர்த்துவந்து பூண்டியில் வேறு கோயில் கட்டினார்கள். பூண்டிக்குப் போகிறவர்கள் மீன் வறுவலோடு திரும்பிவிடாமல் அங்கேயும் எட்டிப் பார்க்கலாம். நீரில் முழுகியதற்கு மாற்று இடம் கொடுக்க வேண்டும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை.

நான் சொல்லவந்தது முழுகாததைப் பற்றி.

சில வருஷங்களுக்கு முன் நகரத்துக்கு மேற்கே ஒரு ஏரிக்கரையை ஒட்டி மனை பார்த்துக்கொண்டிருந்தோம். எந்த ஏரி என்று சொல்லவில்லை, சொன்னால் அங்கே மனை விலை இன்னும் ஏறும். தரகர் நீட்டிய காகிதங்களில் தாய்ப்பத்திரத்தின் நகலும் இருந்தது. அதில் அந்த இடம் நஞ்சை என்று எழுதியிருந்தது, ஏரியின் பெயரோடும் மதகின் பெயரோடும். நாங்கள் நின்றிருந்த இடத்தில் இருபதடிச் சாலையும் நட்ட கற்களும் வேலிக்காத்தானும்தான் இருந்தன. அப்பாவுக்கு ஒரே கவலை. "நஞ்சைன்னா பள்ளம்டா. மழைக்குத் தண்ணி நிக்குமான்னு கேளு."

கேட்டேன். தரகரைக் கேட்டுப் பிரயோஜனமில்லை, டீக்கடையில் உட்கார்ந்திருந்த பெரியவரைக் கேட்டேன். அவருக்கு அதே மதகின் கீழே ஒன்றரை ஏக்கர் இருந்ததாம். முப்போகம் இல்லை, இரண்டு போகம் நிச்சயம் என்றார். ஏரித் தண்ணீர் குடிநீருக்கு என்று ஆன பிறகு மதகைத் திறப்பது குறைந்தது, பிறகு நின்றேபோனது. கொஞ்ச நாள் கிணற்றை வைத்துச் சமாளித்தார், பிறகு விற்றுவிட்டார்.

"ஏரிய பெருசாக்கனப்போ உள்ள மாட்டிக்கின நெலத்துக்காரனுக்கு எல்லாம் பணம் குடுத்தாங்க தம்பி. எங்க நெலம் முழுவல பாருங்க. முழுவியிருந்தா எங்களுக்கும் குடுத்திருப்பாங்க" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

வீட்டுக்கு வந்து சட்டத்தைப் படித்தேன். 1894ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டப்படி, எடுக்கிற நிலத்துக்குச் சந்தை மதிப்பும், 1984 திருத்தத்துக்குப் பிறகு அதற்கு மேல் 30 சதவீத ஆறுதல் தொகையும் தர வேண்டும். எடுக்காத நிலத்தைப் பற்றி அதற்குக் கவலை கிடையாது. ஏரியின் ஆயக்கட்டுக்காரருக்கு இருப்பது நீரின் மேல் ஒரு வழக்கம், ஒரு பாத்தியதை. நீர் வராத வருஷம் தீர்வையை வஜா செய்வார்கள், அதாவது வரியைத் தள்ளுபடி செய்வார்கள், அவ்வளவுதான். அந்தக் காலத்தில் அது பெரிய உபகாரம். இன்றைக்கு அந்தத் தீர்வைப் பணத்தில் ஒரு டீ குடிக்கலாம்.

2014 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம் எவ்வளவோ மேல். ஆறுதல் தொகை நூறு சதவீதம் ஆனது. நிலமில்லாத கூலித் தொழிலாளி, குத்தகைக்காரர், நீர்நிலையை நம்பிப் பிழைக்கும் மீனவர் எல்லோரையும் பாதிக்கப்பட்ட குடும்பம் என்று அது ஏற்றுக்கொள்கிறது. ஆனால் பாதிக்கப்பட்ட பகுதி எது? நில எடுப்புக்காக எந்தப் பகுதியை அரசு அறிவிக்கிறதோ அதுதான். மதகுக்குக் கீழே காயப்போகிற வயலும், அதற்கு நீர் பாய்ச்சி நெல்லாகக் கூலி வாங்கிய நீர்க்கட்டியும் பெரும்பாலும் அந்தக் கோட்டுக்கு வெளியே. புரோகிராமில் சிஸ்டத்தின் எல்லையைத் தப்பாக வரைந்தால் செலவு மறைந்துவிடும். செலவு இல்லாமல் போகாது, வேறு யாருடைய பில்லிலோ ஏறியிருக்கும்.

நீர்த்தேக்கமே வேண்டாம் என்று சொல்லும் கட்சி இல்லை நான். அந்தத் தண்ணீரைக் குடித்துத்தான் இதை எழுதுகிறேன். இருக்கிற ஏரிகளைத் தூர்வாரினாலே போதும் என்று சிலர் சொல்கிறார்கள். தூர்வாரத்தான் வேண்டும், ஆனால் ஒரு கோடிப் பேருக்கு அது மட்டும் போதுமென்று எனக்குத் தோன்றவில்லை. எனக்குப் படுவது ஒன்றுதான்: எடுக்கும் நிலத்தோடு ஆயக்கட்டையும் சேர்த்து அளக்க வேண்டும். மதகை மூடுவதும் ஒருவகை நில எடுப்பு என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். திட்டச் செலவு கூடும். கூடட்டும். நான் அபார்ட்மெண்ட் பராமரிப்புக்கு மாதாமாதம் கொடுப்பதில் பாதியைக்கூட மெட்ரோ வாட்டருக்குக் கொடுப்பதில்லை.

பட்டா நிலத்தை எடுப்பது இப்போது செலவும் தாமதமும் பிடித்த வேலையாகிவிட்டது. தேர்வாய்கண்டிகையில் 2013இல் தொடங்கிய வேலை இழுத்துக்கொண்டே போனதற்கு இழப்பீட்டுத் தகராறும் ஒரு காரணம். அதனால் நகரத்தின் கண் இப்போது பட்டாவே இல்லாத இடங்களின் பக்கம் திரும்பியிருக்கிறது. ஆறாவது நீர்த்தேக்கம் கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் இடையே, கழிமுகத்தை ஒட்டி என்று 2025ஆம் வருஷ பட்ஜெட்டில் அறிவித்தார்கள். நான்காயிரம் ஏக்கருக்கு மேல், ஏறத்தாழ 1.6 டி.எம்.சி. இதுவும் தாம்பாளம்தான். இங்கேயும் ஆழத்தை வகுத்துப் பார்த்தேன், ஒன்பதடிக்குள் வருகிறது.

அங்கே இழப்பீடு வாங்க வரிசையில் நிற்கப் பெரிதாக ஆளிருக்காது. கழியில் மீனும் இறாலும் பிடிக்கிறவர்களிடம் எந்தப் பத்திரமும் இல்லை. உப்பும் நன்னீரும் கலக்கும் இடத்தில்தான் இறால் குஞ்சு வளரும், தண்ணீரைத் தடுத்து நன்னீராக்கினால் அந்த இறால் எங்கே போகும் என்று மீனவர்கள் கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கு சர்வே எண் கிடையாது.

நாங்கள் அந்த மனையை வாங்கவில்லை. தண்ணீர் நிற்குமென்று அப்பா ஒரே பிடியாகச் சொல்லிவிட்டார். போன மாதம் அந்தப் பக்கம் போயிருந்தேன். கரைக்கு மேலே ஏரி நிறைந்து கிடந்தது. கீழே, நாங்கள் பார்த்த அதே மனையில் மூன்று மாடி எழும்பியிருந்தது. வாசலில் ஒரு தண்ணீர் லாரி ஹோஸை மாட்டிக்கொண்டிருந்தது.