தாயின் பெயரில் ஒரு கணக்கு

வெள்ளகோவிலுக்கு அருகேயுள்ள எங்கள் கிராமத்தில் விசைத்தறிச் சத்தம் ஓய்ந்தால்தான் தூக்கம் கலையும், அவ்வளவு பழக்கம். எதிர்வீட்டு இளந்தம்பதிகளுக்கும் தறிதான் பிழைப்பு. நெய்த அளவுக்குக் கூலி. தறியில் நிற்காத நாளுக்குக் காசு கிடையாது. தலைப்பிள்ளையைச் சுமந்த அந்தப் பெண் ஏழாம் மாதத்தில் வேலையை நிறுத்தியதும் வரும்படி பாதியாயிற்று.

ஒரு நாள் மாலை அவள் புருஷன் என்னிடம் வந்தான். "ஏனுங்கண்ணா, பிரசவத்துக்குச் சர்க்கார் பணம் உண்டுன்னு நர்ஸம்மா சொல்றாங்க. நமக்கெல்லாம் கிடைக்குமுங்களா?"

நாலெழுத்துப் படித்தவன் என்று ஊரில் எனக்குப் பெயர். அந்தப் பெயரைக் காப்பாற்ற வேண்டாமா? "ஆபீஸ் ஆபீஸாக அலைந்து இருக்கிற கூலியையும் இழப்பாய், விட்டுத் தள்ளு" என்று கூசாமல் உபதேசித்தேன். அவன் அதை நம்பி, முதலாளியிடம் முன்பணம் கேட்கத் துணிந்தான். முன்பணம் வாங்கினவன் அது தீருமட்டும் வேறு தறிக்குப் போக முடியாது என்பது எனக்கும் தெரியும்.

அடுத்த வாரம் கிராம சுகாதாரச் செவிலியர் என் வீட்டு வாசலிலேயே வந்து நின்றார். "படித்த நீங்களே இப்படிச் சொன்னால் மற்றவர்கள் யாரைக் கேட்பாங்க, ஐயா?" என்றார். எனக்குத் தலை நிமிரவில்லை.

பிறகு அவரே விளக்கினார். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரால் 1987-இல் தமிழ்நாட்டில் தொடங்கிய மகப்பேறு உதவித் திட்டம் அது. ஏழைத் தாய்மாருக்கு முதல் இரண்டு பிரசவங்களுக்கு உண்டு. 2006-இல் 6,000 ரூபாயாகவும், 2011-இல் 12,000 ரூபாயாகவும் உயர்ந்த உதவி, 2018-இல் 18,000 ஆயிற்று. அதில் 14,000 ரொக்கம்; 4,000 ஊட்டச்சத்துப் பெட்டகங்கள். தாய்க்குப் பத்தொன்பது வயது நிரம்பியிருக்க வேண்டும். பரிசோதனையும் குழந்தையின் தடுப்பூசியும் தவறாமல் நடந்தால் பணம் தவணைகளாக வரும்.

"பிக்மி எண் எடுத்தாயிற்று. ஆனால் பணம் தாயின் கணக்குக்குத்தான் போகும். இவளுக்குக் கணக்கே இல்லை" என்றார்.

விஷயம் இவ்வளவுதான்! ஒரு பாங்கிப் புத்தகம் இல்லாத குறை. பிராயச்சித்தமாக நானே அவர்களைப் பாங்கிக்கு அழைத்துச் சென்றேன். ஆதார் அட்டையில் உள்ளபடியே பெயரை எழுதச் சொல்லி, செவிலியர் முன்னாடியே சீட்டில் குறித்துக் கொடுத்திருந்தார். முன்பணப் பேச்சும் அன்றோடு நின்றது.

பெண் குழந்தை பிறந்தது. பணம் வந்த நாளில் அந்தப் பெண் தயங்கிக்கொண்டே, "இது தருமப் பணமுங்களா?" என்று கேட்டாள்.

"இல்லை அம்மணி, உனக்குச் சேர வேண்டியது" என்றார் செவிலியர், குழந்தையைத் தராசில் கிடத்தியபடி.

அதிகம் பேசவில்லை. பையில் எடை பார்க்கும் தராசும் தடுப்பூசி அட்டைகளும் இருந்தன. இன்னும் ஐந்து வீடுகள் பாக்கி. சட்டம் எழுதுகிறவர்கள் தலைநகரில் இருக்கலாம். அது எங்கள் தெருவுக்கு வந்தது அவர் கால்நடையில்தான். அதன் பிறகு நான் யாருக்கும் தெரியாத விஷயத்தில் உபதேசம் செய்வதில்லை. "நர்ஸம்மாவைக் கேள்" என்பதோடு சரி.